அக்காவுக்கு எட்டுகிற உயரம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று சொல்வார்கள். அது அவதூறு. மூக்கு வரைக்கும் ஏறி வர அதற்குப் பொறுமை கிடையாது, வாயிலேயே இருக்கும். மற்ற விஷயங்களில் கொஞ்சம் அடக்கிக்கொள்வேன். என் வேலையை எவனாவது குறை சொன்னால் மட்டும் நான் நானாக இருக்கமாட்டேன். மொட்டைமாடியிலும் தகரக் கூரையிலும் சோலார் பேனல் மாட்டுவது என் தொழில். நான் முடுக்கிய போல்ட் கழன்றதில்லை, நான் இழுத்த வயர் பல்லிளித்ததில்லை. ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், நீ மாட்டியதில் கரண்டே வரவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். நேராக அவர் மாடிக்கு ஏறினேன். பேனலின் மேல் காயப்போட்டிருந்த ஈரப் போர்வையைச் சுருட்டிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன். பழி என்றால் எனக்கு ஆகவே ஆகாது. செய்த தப்புக்கே ஒன்பது காரணம் சொல்கிறவன் நான். செய்யாததற்கா தலையைக் கொடுப்பேன்?

அப்படிப்பட்ட என்னிடம், அத்தான் போன மறு வாரம், அக்கா வீட்டு முன்னறையில் வைத்து அக்கா மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பேனலை ஏன் மாமா படுக்கப் போட்டீங்க?"

வேறு ஊரில் வேலை பார்க்கிற பெண். அப்பா சாவுக்கு வந்தவள் அம்மாவைத் தனியாக விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டாள். தூக்கம் வராமல் கைப்பேசியில் எதையெதையோ படித்திருக்கிறாள். பேனல் எத்தனை சாய்வாக இருக்க வேண்டும், சூரியன் சாய்ந்து வருகிற மாதங்களில் படுத்த பேனலுக்கு எவ்வளவு நஷ்டம், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டது மாதிரி சொன்னாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது. அத்தானின் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தார்கள். அது கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், அவருடைய மெஷின் நின்ற இடத்தில், சின்னச் சக்கரங்கள் நான்கும் தரையில் பதித்த கறுப்புத் தடம் இன்னும் இருந்தது. அக்கா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். தரைக்குப் பதிக்கிற கல்லை அறுத்து மெருகேற்றும் இடம். உள்ளே காற்றில் எப்போதும் வெள்ளை மாவு பறக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம் வரைக்கும் வெளுத்திருப்பார். இவருக்கு எப்போது நரைத்தது என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அக்கா கேலி செய்வாள். அந்த மாவு நெஞ்சுக்குள் இறங்கிக் கெட்டிப்பட்டுவிட்டது, இனி வெளியே எடுக்க வழியில்லை என்று டாக்டர் சொன்னபோது, "அப்ப பட்டறையில பாதியை நான் திருடிட்டு வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றாராம் அத்தான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அவர் எழுதிக் கொடுத்ததுதான் மெஷின். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். விடாமல் ஓட வேண்டும். கரண்டு நின்றால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் அத்தான் தரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவார்.

எங்கள் பக்கம் கரண்டு நினைத்தால் வரும், சொல்லாமல் போகும். அதனால்தான் நானே முன்னின்று அவர்கள் மாடியில் பேனல் மாட்டினேன். மாடியில் நான்கு பேனல்கள், மாடிப்படிக்கு அடியில் பேட்டரிகள், முன்னறைச் சுவரில் இன்வெர்ட்டர். அதில் ஒரு சின்னத் திரை. பேனலிலிருந்து இந்த நிமிஷம் எவ்வளவு வருகிறது என்று அதில் ஓர் எண் ஓடும். மற்ற வீடுகளில் மணி பார்ப்பது மாதிரி அக்கா அந்த எண்ணைப் பார்ப்பாள். சோறு வடிக்கும்போது ஒரு பார்வை, துணி மடிக்கும்போது ஒரு பார்வை.

மாட்டின அன்று நடந்தது எனக்கும் அத்தானுக்கும் மட்டும்தான் தெரியும். நான் பின்கால் உயரமாக, வெயிலுக்கு நன்றாக முகம் கொடுக்கிற மாதிரி சட்டம் அடித்துக் கொண்டுவந்திருந்தேன். அக்கா சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்து அத்தான் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் மின்னல். எதற்கெடுத்தாலும் வெட்டுகிறேனாம்.

"மின்னல், இதை எத்தனை நாளைக்கு ஒரு தரம் தொடைக்கணும்?"

தூசி சேரச் சேரக் கரண்டு குறையும், இந்தத் தெருவில் புழுதிக்குக் குறைச்சல் இல்லை, அடிக்கடி துடைத்தால் நல்லது என்று சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார் தொடைப்பா? நானா? உங்க அக்காதான். அவ உயரம் உனக்குத் தெரியும். மேல் ஓரம் எட்டலைன்னா ஸ்டூலைத் தூக்கிட்டுப் போய் மாடி விளிம்புல போட்டு ஏறுவா. வேண்டாண்டா. தரையில நின்னு கையை நீட்டினா எட்டுற மாதிரி வை. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத. தெரிஞ்சா, உங்களுக்கு வர்ற கரண்டை எனக்காகக் குறைச்சீங்களான்னு என்னை ஒரு வழி பண்ணிடுவா."

அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படுக்க வைத்தால் நஷ்டம் உண்டு. ஆனால் பெரிய நஷ்டம் இல்லை, நூற்றுக்கு ஐந்து போகும், மோசமான மாதத்தில் இன்னும் கொஞ்சம் போகும். நான்கு பேனலுக்கு அது தாங்கும். பின்கால்களை அறுத்துக் குட்டையாக்கி, லேசான சாய்வில் மாட்டினேன். அக்காவைக் கூப்பிட்டு, தூசி மட்டும் சேர விடாதே அக்கா, கழுவிக்கொண்டே இரு என்று சொன்னேன். அவள் கையை நீட்டிப் பார்த்தாள். மேல் ஓரம் எட்டியது. கீழே வந்ததும் அத்தான் கட்டிலில் இருந்தபடியே, என் நெஞ்சிலும் தூசி, உங்கள் பேனலிலும் தூசி, கழுவ முடிகிறதையாவது கழுவு என்று அக்காவை வம்புக்கு இழுத்தார். அன்று எல்லாரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நான் அந்த மாடிக்கு ஏறவில்லை. போகிறபோதெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து அத்தானோடு சண்டை போட்டுவிட்டு வந்துவிடுவேன். திரையில் எண் ஓடிக்கொண்டிருக்கும், மெஷின் புஸ்ஸு புஸ்ஸு என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அது போதும். கடைசியாகப் போனபோது அக்கா கொடுத்த டீ கரித்தது. என்ன அக்கா, சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். தெருக்குழாயில் தண்ணீர் நின்று போய் மாதக்கணக்காகிறது, போர் போட்டிருக்கிறோம், எல்லாம் உப்பு என்று அலுத்துக்கொண்டாள். டம்ளருக்கு அடியில் வெள்ளையாக வட்டம் கட்டியிருந்தது. மெஷினில் காற்றை ஈரமாக்குகிற சின்ன பாட்டில் ஒன்று உண்டு, அதற்கு மட்டும் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுவாளாம். அதிலும் கறை பிடித்துவிடக் கூடாது என்று வாராவாரம் வினிகர் விட்டுக் கழுவுவாளாம். அத்தான், எனக்குக் கேன் தண்ணி, அவளுக்குக் கடல் தண்ணி, யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது பார் என்று சொல்லிவிட்டு இருமினார்.

பிறகு அந்தக் காற்று அடித்தது. மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டது. நான் வேறொரு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில் இருந்தேன், கைப்பேசிக் கோபுரமும் படுத்துவிட்டதால் என்னைப் பிடிக்க முடியவில்லை. மறுநாள் நல்ல வெயில். பேட்டரி நிரம்பி வழிந்திருக்க வேண்டும். நிரம்பவில்லை. திரையில் எண் ஆரம்பத்தில் வந்ததில் முக்கால் பங்கைக்கூடத் தொடவில்லை. அக்கா மாடிக்கு ஓடி ஓடிப் பேனலைக் கழுவிவிட்டு வந்து பார்த்திருக்கிறாள். பொழுது சாயும்போது பேட்டரி கத்த ஆரம்பித்துவிட்டது. அவசரத்துக்கு வைத்திருந்த குட்டி சிலிண்டரை மாட்டினார்கள். அது எவ்வளவு நேரம் வரும்? விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வருவதற்குள் அத்தான் அக்காவின் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார். எண் சில மாதங்களாகவே இறங்கிக்கொண்டு வந்ததை அக்கா என்னிடம் சொல்லவே இல்லை. சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய், தூசிதானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன் என்றாள்.

இப்போது அந்தக் கேள்வி முன்னறையில் நின்றுகொண்டிருந்தது. பேனலை ஏன் படுக்கப் போட்டீர்கள்?

எனக்கு உச்சி வரை ஏறியது. அத்தான்தான் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாகிறதுக்கு முன்னால் ரகசியம் என்று கேட்டவர் செத்த பிறகு வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அக்கா அந்தச் சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகவா என்று அவள் கேட்டால் யார் பதில் சொல்வது? அதனால் வேறு மாதிரிச் சொன்னேன். சாய்வு குறைந்ததால் இவ்வளவு நஷ்டம் வராது, வரவே வராது, தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துக் கையில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று மீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். வயர் தளர்ந்திருக்கும், இல்லை ஒரு பேனலே செத்திருக்கும் என்று நினைத்தேன். எதுவாக இருந்தாலும் அது நானில்லை என்று காட்டியாக வேண்டும்.

மாடியில் வெயில் சுள்ளென்று இருந்தது. ஓரத்தில் வாளி, மடித்துக் காயப்போட்ட பழைய துணி, போர் தண்ணீர்க் குழாயிலிருந்து இழுத்துவிட்ட பச்சை ட்யூப். வயரெல்லாம் நான் முடுக்கியபடியே இருந்தது. பேனல்களைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய கண்ணாடி, பனி பெய்தது மாதிரி வெளிறிக் கிடந்தது. தூசி என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் இழுத்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. நகத்தால் சுரண்டினேன். கரகரவென்றது. கீழ் ஓரத்தில், நீர் வடியாமல் தேங்கி நிற்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு பட்டை நீளத்துக்கும் கட்டியிருந்தது. டீ டம்ளருக்கு அடியில் பார்த்த அதே உப்புக் கறைதான்.

வாளியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் கண்ணாடியில் ஊற்றினேன். ஊற்றின இடம் பளிச்சென்று கறுத்தது, புதுப் பேனல் மாதிரி. கொஞ்ச நேரத்தில் வெயிலில் காய்ந்து மறுபடியும் வெளுத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கழுவும்போது சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. காய்ந்ததும் வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. அய்யோ மறுபடியும் தூசி படிந்துவிட்டதே என்று அவள் மறுபடியும் கழுவியிருக்கிறாள். ஒவ்வொரு கழுவலும் ஒரு பூச்சு உப்பு. எண் இறங்க இறங்க இன்னும் அதிகமாகக் கழுவியிருக்கிறாள். புழுதியையே அவள் விட்டுவைத்திருந்தால்கூட ஒரு மழையில் போயிருக்கும். இது எந்த மழைக்கும் போகாது.

ஆனாலும் என் புத்தி என்னை விடவில்லை, நிரூபிக்க வேண்டும் என்று அரித்தது. படியிறங்கி, பின்வாசல் வழியாக மருமகளைக் கூப்பிட்டு, மெஷின் பாட்டிலுக்கு வைத்திருந்த வினிகரையும் கொஞ்சம் கேன் தண்ணீரையும் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. மறுபடி ஏறி, ஒரே ஒரு பேனலை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துக் கேன் தண்ணீரில் அலசினேன். அளந்தேன். பக்கத்துப் பேனலைக் கழுவாமல் அப்படியே விட்டு, போல்ட்டைத் தளர்த்திப் பின்பக்கம் கட்டையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினேன். அதையும் அளந்தேன். நிமிர்த்தியதில் ஏதோ கொசுறு கூடியது. உப்பு போனதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாட்டினான் பார், என்று யாரையோ சொல்லிக்கொண்டேன். மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, வா வா, இப்போது கேள் உன் கேள்வியை என்று படியில் தடதடவென்று இறங்கினேன். பாதிப் படியில் அக்கா ஏறி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் வாளி, தோளில் துணி.

எங்கே போகிறாய் என்று கேட்டேன். அந்நேரம்தான் வழக்கமாகக் கழுவுகிற நேரமாம். மதியச் சோறு முடிந்து, அத்தானைப் படுக்க வைத்துவிட்டு ஏறுவாளாம். அவர் போய்விட்டார், கை நிற்க மாட்டேன் என்கிறது என்றாள். வாளியைப் படியில் இறக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அவருக்குப் பதிலா நான் மூச்சு விட முடியுமாடா? முடியாது. இது ஒன்னுதான் என்னால முடிஞ்சது. ஒரு நாள் விட்டதில்ல. காய்ச்சல்ல கிடந்தப்பகூட ஏறிக் கழுவிட்டு வந்து படுத்தேன். கடைசி நாள் எத்தனை தடவை ஏறினேன்னு எனக்கே தெரியாது. நம்ம பக்கம் குறை வைக்கலைன்னு நினைச்சுக்கிட்டுத்தான் கண்ணை மூடறேன். இல்லைன்னா எனக்குத் தூக்கமே கிடையாது."

பிறகு என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள்.

"என்ன அளந்தே? தப்பு எதுல?"

பதில் என் நாக்கு நுனியில் நின்றது. நானும் நின்றேன். என் வாய்க்கு ஒரு வார்த்தையை நிறுத்திவைத்து வழக்கமே இல்லை. கீழே படியின் முடிவில் மருமகள் வந்து நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாய்வுலதான் அக்கா," என்றேன். "புள்ளை சொன்னதுதான் சரி. என் தப்பு."

அக்கா நம்பவில்லை. அப்படித்தான் தோன்றியது. ஆரம்பத்தில் நன்றாகத்தானே வந்தது, முதல் மாதமெல்லாம் எண் அவ்வளவு இருந்ததே என்று கேட்டாள். நாளுக்குப் பத்துத் தடவை அந்த எண்ணைப் பார்த்தவளிடம் பொய் சொல்வது லேசில்லை. அப்போது சூரியன் உச்சந்தலைக்கு நேராக இருந்தது, படுத்த பேனலுக்கு அது போதும், இப்போது சாய்ந்து வருகிற மாதம், அதற்குத் தகுந்த மாதிரி நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், நான் யோசிக்கவில்லை என்று சொன்னேன். பாதி உண்மையைக் கலந்து சொன்னதால் என் குரல் தடுக்கவில்லை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், அப்படியானால் நிமிர்த்தி வை என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை வாளிக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் நீளமான பின்கால்களை வெட்டிக் கொண்டுவந்தேன். வேலை நடக்கும்போது யாரும் மேலே வரக் கூடாது, கண்ணாடி கையை அறுத்துவிடும் என்று எரிந்து விழுந்தேன். என் வழக்கமான எரிச்சல்தானே என்று யாரும் வரவில்லை. மிச்சமிருந்த வினிகரில் கேன் தண்ணீர் கலந்து மீதி மூன்று பேனல்களையும் தேய்த்தேன். கீழ் ஓரத்துப் பட்டை லேசில் விடவில்லை. அக்கா உருட்டிப் பிடித்துத் தேய்த்த துணியின் கோடுகள் அந்த உப்புக்குள் அலையலையாக உறைந்து போயிருந்தன. இங்கே நின்று இப்படிக் கையை நீட்டியிருப்பாள், இங்கே எட்டி நுனிக்காலில் நின்றிருப்பாள் என்று பார்த்துக்கொண்டே தேய்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மாடியில் யாரும் இல்லை என்பதால் அழுதேன். பிறகு பேனல்களை நிமிர்த்தி மாட்டினேன். இப்போது மேல் ஓரம் அக்காவுக்கு எட்டாது. எட்டக் கூடாது என்றுதான் அந்த உயரம் வைத்தேன். ட்யூபைக் குழாயிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்தேன்.

உச்சிவெயிலில் கீழே இறங்கினேன். அக்கா இன்வெர்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். திரையில் எண் ஏறி நின்றது. இனி கழுவ வேண்டாம் அக்கா, இந்தச் சாய்வுக்குத் தூசி தானாக வழுக்கும், மீதியை மழை பார்த்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"இவ்வளவு வருமா?"

வரும் என்றேன்.

"அன்னைக்கு ராத்திரியே கரண்டு வந்துடுச்சு," என்றாள். எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அவர் போய்க் கொஞ்ச நேரத்துல எல்லா லைட்டும் எரிஞ்சுது. இது இப்படி வந்திருந்தா அது வரைக்கும் மெஷின் ஓடியிருக்கும்."

ஓடியிருக்கும். அதில் பொய் இல்லை.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் என்னை அடித்திருக்கிறாள், சின்ன வயதில் விறகுக் கட்டையாலேயே அடித்திருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பெரித்தவள். அப்போதெல்லாம் அடித்த கையோடு சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள். இன்றும் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உலகத்துக்கெல்லாம் சரியா மாட்டினே. என் வீட்டுக்கு மட்டும் ஏண்டா கையை விட்டே?"

மருமகள், அம்மா என்று ஏதோ சொல்ல வந்தாள். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"உன்னைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு அவர் வாயைத் திறந்து தவிச்சதுதான் தெரியும். நீ இனிமே இங்க வராத."

குரலை உயர்த்தவே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஸ்பேனர்களையும் வெட்டின இரும்புத் துண்டுகளையும் பொறுக்கிப் பையில் போட்டேன். எவ்வளவு நேரம் பொறுக்கினேன் என்று தெரியவில்லை, பொறுக்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

வாசலில் வண்டியைத் திருப்பும்போது மருமகள் பின்னாலேயே வந்தாள். முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்ததை எடுத்து என் பைக்குள் வைத்தாள். காலி வினிகர் பாட்டில். மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"இதை நீங்களே கொண்டு போயிடுங்க மாமா," என்றாள். "அம்மா கண்ணுல பட வேண்டாம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. டம்ளர் வட்டமும் பாட்டில் கறையும் தெரிந்த பெண்ணுக்கு அது புரியாமல் போகுமா? மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று பயந்தேன், ஏனென்றால் கேட்டால் நான் உடைந்து எல்லாவற்றையும் கத்திவிடுவேன். அவள் கேட்கவில்லை. என் கை மேல் கையை வைத்து ஒரு தரம் அழுத்தினாள். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். உங்க அம்மா அப்புறம் உயிரோட இருக்கமாட்டா, வாயைத் திறந்துடாத என்றேன். தலையாட்டினாள். அதன் பிறகு அவள் அம்மாவைத் தன்னோடு கூப்பிட்டுப் பார்த்தாளாம். அக்கா அந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாளாம்.

அக்கா ஊமையில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள், சொல்லட்டும். சொன்னால் அவளுக்கு நெஞ்சு இறங்கும். மழைக்காலம் முடிந்து, அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா வீட்டில் பேனல் மாட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். மாடியைப் பார்த்துவிட்டு, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தம்மா கவனித்துக் கேட்டார்கள். பிறகு கொஞ்சம் தயங்கி, சாய்வைச் சரியாக வைப்பீர்கள்தானே என்றார்கள். பக்கத்துத் தெருவில் கல் பட்டறைக்காரர் வீட்டில் ஒருத்தன் பேனலைப் படுக்கப் போட்டு ஒரு உயிரையே வாங்கிவிட்டானாம், அதுவும் செத்தவர் சம்சாரத்தின் கூடப் பிறந்த தம்பியாம், இப்படியும் உண்டா என்றார்கள்.

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நான்தாம்மா," என்றேன்.

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புகிறேன் என்றார்கள். அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். கீழே முற்றத்தில், போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. வாசல் வரை போனவன் திரும்பி வந்தேன்.

"யாரை வச்சு மாட்டினாலும் சரிம்மா. இந்தத் தண்ணியில மட்டும் பேனலைக் கழுவாதீங்க."

ஏன் என்று கேட்டார்கள். காரணம் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் ஒரே நிமிஷம்தான், என் பெயர் கழுவின கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஆனால் அந்த வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு மளிகைக் கடைதான் இருக்கிறது. இருவரும் அங்கேதான் சாமான் வாங்குகிறார்கள்.

கறை படியும், பார்க்க நன்றாக இருக்காது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.